ஹவ்வா உம்மாவின் இடத்தில்

கமராவில் என் முகம் நன்றாக விழும், சேர். கலியாண வீடுகளில் படம் பிடிக்கிறவர்கள் என்னைத்தான் முன்வரிசைக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் உச்சமுனைத் தீவில் வீடியோ டொக்டர் சேவை தொடங்கியபோது, டொக்டரோடு முகம் பார்த்துப் பேசும் அந்த டெப்பை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலையும் எனக்குத்தான் கிடைத்தது.

முன்பெல்லாம் நோயாளியின் குரல் போதும். பிறகு உங்கள் சுகாதாரத் திணைக்களம் சட்டம் கொண்டுவந்தது: முகத்தைப் பார்க்காமல் டொக்டர் மருந்து எழுதக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் உங்களுக்கு இத்தா தெரியாது. கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் சில மாதங்கள் அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார்கள்.

எனக்கு அக்கா முறையான ஹவ்வா உம்மா ராத்தா அப்படி இத்தாவில் இருந்தபோதுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டரோ ஆண். அவர் சொன்னால் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மகன் மின்ஹாஜ் படகோடு காத்து நின்றான்.

நான் டெப்பைத் திறந்ததும் ராத்தா எழும்பப் பார்த்தார்.

"ஷஃபீனா, நானே முகத்தக் காட்டுறேன். நோய் வருத்தத்துக்குக் குத்தமில்லயெண்டு பள்ளி லெப்பையே சொல்லிட்டார்."

"லெப்பை சொல்லுவார். ஊர் வாய அவரா மூடுவார்? நீங்க திரைக்குப் பின்னால படுங்க ராத்தா, நான் இரிக்கிறேன்."

"உனக்கெங்கடி காய்ச்சல்? புதுப்பொண்ணு மாதிரி மினுங்குறாய்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எங்களுக்குள் வயது வித்தியாசமும் பெரிதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன்.

"கீழ் இமைய இழுத்துக் காட்டுங்க உம்மா," என்றார் டொக்டர். காட்டினேன்.

"மஞ்சள் இல்ல. சும்மா காய்ச்சல்தான். குளிச மருந்து போதும், கடல் தாண்டி வரத் தேவல்ல."

திரை கொஞ்சம் விலகியிருந்தது. ராத்தாவின் கண்களைப் பார்த்தேன், சேர். அதை நான் மறைக்கவில்லை. அரைத்த மஞ்சளைப் பூசியதுபோல் இருந்தன. ஆனால் அதைச் சொன்னால் அவர் டொக்டருக்கு முன்னால் வரவேண்டுமே. அதுவரை காத்த மானம் வீணாகிவிடாதா?

வெளியே மின்ஹாஜ் கேட்டான்: "மாமி, உம்மாவக் கொண்டு போகவா?"

"தேவல்லயாம் மகன். டொக்டர் கண்ணப் பாத்துத்தான் சொன்னார்."

பிள்ளை நிம்மதியாகக் கடல் தொழிலுக்குப் போனான். அந்தக் கிழமை முடியுமுன்னே ராத்தா மௌத்தானார். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியதும் நான்தான். ஈரல் பழுதாகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாராம்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். இத்தாவில் அவர் முகத்தை ஓர் அந்நிய ஆணும் காணவில்லை. அதற்கான கூலியை நான் அல்லாஹ்விடம் மட்டும்தான் எதிர்பார்க்கிறேன், சேர்.