பெண்ணுக்குச் சிறகில்லை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, வாங்கிக் கொடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. கேளுங்கள், சொல்கிறேன். எனக்கு ஒளிவுமறைவு பழக்கமில்லை.

வெல்வெட் எறும்பு என்று ஒன்று உண்டு. எறும்பே அல்ல, குளவி. பெண்ணுக்குச் சிறகு கிடையாது. உடம்பெல்லாம் சிவப்பு ரோமத்தோடு தரையில் ஓடும், கொட்டினால் உயிர் போகிற வலி. ஆணுக்குச் சிறகு உண்டு, கொட்டத் தெரியாது. ஜோடியாகப் பிடித்தாலொழிய, இதற்கு அதுதான் புருஷன் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அதனால் பூச்சிகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கிற எங்கள் தொழிலில் புருஷனுக்கு ஒரு பெயர், பெண்டாட்டிக்கு இன்னொரு பெயர் என்று இரண்டு இனமாக எழுதிவைத்துவிடுவது சகஜம்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்களே, எங்களுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் போகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். மறு வருஷம் நான் பிடித்த ஒரு சிறகுக் குளவி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு அவள் பெயரை வைத்தேன். "இனிமே நம்ம பொண்ணு பேர உலகமே சொல்லுங்க" என்று என் மனைவி அழுதாள். இன்றைக்கும் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கு வந்தால் அந்த இழுப்பறையைத் திறந்து பார்க்காமல் போக மாட்டாள்.

நீங்கள் கேட்கிற அந்தப் பெண் என்னிடம் உதவியாளராக வந்தவள். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குளவியின் கால்களில் ஒன்றைக் கிள்ளி, அதிலிருந்து மரபணுவை எடுத்து, எந்த ஆண் எந்தப் பெண்ணுக்குச் சொந்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து கையைப் பிசைந்தாள்.

"சார், உங்க குளவி தனி இனம் இல்ல சார். ஏற்கெனவே பேர் வச்ச ஒரு பெண் குளவியோட ஆண்தான் அது."

முந்தி வைத்த பெயர்தான் நிற்கும், பிந்தியது செத்த பெயர். இது எங்கள் சட்டம். நானே எத்தனையோ பேருடைய பெயர்களை அப்படி அடித்திருக்கிறேன், தூக்கம் கெட்டதில்லை.

"நீங்களே எழுதிடுங்க சார். என் பேரே வேணாம். நீங்களா கண்டுபிடிச்சுத் திருத்தின மாதிரி இருக்கட்டும்."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். என் கையாலேயே என் மகளை இரண்டாம் முறை புதைக்கச் சொல்கிறாள்.

மாதிரிகளைப் பூச்சி அரிக்காதிருக்க, வருஷத்துக்கு ஒருமுறை அவை இருக்கும் அறையை மூடி விஷப்புகை விடுவோம். அந்தத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தேன், அவளிடம் சொல்லவில்லை. "இன்னொரு கால் எடுத்துச் சரிபார்த்துடும்மா, அப்புறம் எழுதறேன்" என்று உள்ளே அனுப்பினேன். கடைசி அலமாரிக்குப் பின்னால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள். கதவைப் பூட்டினேன்.

புகை போட வந்தவர் கேட்டார், "உள்ள ஆள் யாரும் இல்லையே சார்?"

"பூச்சிதான் இருக்கு" என்றேன். அவர் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம். பழைய மர அலமாரி, அப்படித்தான் சடசடக்கும் என்று சொல்லி அவரை வாசலுக்கு அழைத்துப்போனேன். பிறகு அவள் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்தேன்.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். ஒரு பெயர் என்றால் என்னவென்று அந்த வயதுக்குப் புரியாது. பெயர் அழிந்தால் அந்த ஆள் பிறக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு பெண் குழந்தையின் பெயரைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

செத்துப்போனவள் பெயரா? அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள் ஐயா. இத்தனை வருஷமும் நான் "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டேன், பெயரைக் கேட்டதில்லை.