சம்மந்தி கையிலிருந்த கரண்டி

…வாழ்த்துச் சொல்லத்தான் என்னை மேடை ஏற்றினார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால், முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, மணமக்களைப் பெற்ற இரண்டு அம்மாக்களுக்கும் ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னதுதான். பாயசம் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

எனக்குச் சித்தி மகள் ஒருத்தி உண்டு. பாளையங்கோட்டை சங்கரவடிவு. அவளுக்கு ஒரே மகள், உமையாள். அந்தப் பெண்ணைக் கோயம்புத்தூர்ப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். பையனுக்கு வேலை இத்தாலியில். அது எந்தத் திசை என்று என்னைக் கேட்காதீர்கள், ஏறி உட்கார்ந்தால் விமானக்காரனே கொண்டுபோய் விடுவான். போன வருஷம் உமையாள் என்ன செய்தாள்? அம்மாவையும் மாமியாரையும் ஒன்றாக அங்கே வரவழைத்தாள். அதுதான் வினை.

ஒருநாள் இரண்டு பேரையும் காரில் ஏற்றி ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ரோசால்பா என்று ஒரு பெண்பிள்ளை, சொந்தப் பண்ணையில் சமையல் வகுப்பு நடத்துகிறாள். நாமே தோட்டத்தில் இறங்கிக் காய் பறிக்க வேண்டும், நாமே சமைக்க வேண்டும், மரத்தடி மேசையில் உட்கார்ந்து நாமே சாப்பிட வேண்டும். இதற்குப் பணமும் கொடுக்க வேண்டும்! சங்கரவடிவு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் வேறு இடத்தில் இருந்தது.

எங்கே இருந்தது? மகள் மேல். மகள் யாரைப் பார்க்கிறாள் என்பதன் மேல்.

தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் போனதும் உமையாள் சொல்கிறாள், "அத்தே, நீங்க குனியாதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும். நான் பறிக்கேன்." அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீ அந்தக் கத்தரி வரிசையைப் பாத்துக்கோ." அவ்வளவுதான். சங்கரவடிவுக்கு முழங்கால் இல்லையா? இருக்கிறது. வலியும் இருக்கிறது. அதை யார் கேட்டார்கள்?

போதாக்குறைக்கு அந்த ரோசால்பா மாமியார் ராஜாமணியைக் காட்டி, உன் அம்மாவும் நீயும் ஒரே ஜாடை, அதே மூக்கு என்று உமையாளிடம் சொல்லிவிட்டாள். உமையாள் சிரித்துக்கொண்டே அதை இரண்டு பேருக்கும் எடுத்துச் சொன்னாள். ராஜாமணி மறுத்தாளா? "ஆமாங்க, எங்க ஊர்லயும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள், தக்காளியைத் துடைத்துக்கொண்டே.

சங்கரவடிவு மெல்லச் சொன்னாள், "ஏட்டி, பத்து மாசம் சுமந்தவ இந்தா கத்தரிக்கா பறிச்சிட்டு நிக்கான்னு அந்தம்மாட்ட சொல்லு."

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் பிள்ளை இன்னும் என் பிள்ளைதானா என்கிற ஒரே கேள்வி உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது… அடுப்பே தேவையில்லை அவளுக்கு.

அடுப்படிக்கு வந்தார்கள். கோதுமை ரவையைப் பிசைந்து கட்டைவிரலால் அழுத்தி, சின்னச் சின்னக் காது மாதிரி பாஸ்தா செய்ய வேண்டும். சங்கரவடிவு வேகமாகச் செய்தாள், ரோசால்பா மெச்சினாள். மகள் பார்க்கவில்லை. மகள் மாமியார் விரலைப் பிடித்து, இப்படி அழுத்தணும் அத்தே என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தக்காளிக் குழம்பு கொதித்தது. ருசி பார்த்து உப்புப் போடுங்கள் என்று ரோசால்பா ஒரே ஒரு மரக்கரண்டியைக் கொடுத்தாள். உமையாள் எடுத்தாள், ஊதினாள், ஒரு வாய் குடித்தாள். பிறகு அதே கரண்டியில் மொண்டு மாமியாரிடம் நீட்டினாள். "உப்பு பாருங்க அத்தே." ராஜாமணி வாங்கி வாயில் வைத்தாள். எச்சில் கரண்டி, அம்மா! மருமகள் எச்சில்! அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

சங்கரவடிவுக்குத் தாங்கவில்லை. கேட்டுவிட்டாள். "எனக்கு?"

உமையாள் திகைத்துப் பார்த்தாள். "நீதான் எச்சில் தொடமாட்டியேம்மா… வாசனையிலயே உப்பு பாப்ப. சின்னப் பிள்ளையில நான் கரண்டிய வாயில வச்சதுக்குச் சூடு வச்சிருவேன்னியே. அதான் உங்கிட்ட நீட்டல."

பார்த்தீர்களா? மகள் மறக்கவில்லை. அம்மா போட்ட சட்டத்தை இத்தாலி வரை சுமந்துகொண்டு போயிருக்கிறாள். அது தெரியாமல் அம்மா வயிறு எரிந்துகொண்டிருக்கிறாள்.

சங்கரவடிவு என்ன செய்தாள் தெரியுமா? சம்மந்தி கையிலிருந்த கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். மகள் எச்சில், சம்மந்தி எச்சில், இரண்டும் பட்ட கரண்டி. குழம்பில் முக்கினாள். வாயில் வைத்தாள்.

நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

"செரியாத்தானுங்க இருக்குது சம்மந்தியம்மா" என்றாள் ராஜாமணி.

"பத்தல மைனி. எனக்குத் தெரியும்." கரண்டியை மகளிடம் நீட்டினாள். "நீ ஒரு வாய் குடுட்டி. பாத்துச் சொல்லுதேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. மொண்டாள், ஊதினாள், ஊட்டினாள். இன்னொரு வாய். இன்னொரு வாய். பாஸ்தாவுக்குக் குழம்பு மிஞ்சாது என்று கடைசியில் ரோசால்பா வந்து சட்டியை நகர்த்தி வைத்தாளாம்.

அதோடு பொறாமை போய்விட்டதா? எங்கே போகும்? இன்றைக்கும் தீபாவளிக்கு முதல் போன் யாருக்கு வந்தது என்று விசாரிக்கிறவள்தான் அவள். ஆனால் இப்போது மகளிடமே கேட்கிறாள், வாய்விட்டுக் கேட்கிறாள்.

எதற்குச் சொல்கிறேன்? பெண்ணைப் பெற்ற செண்பகமே, உனக்குத்தான். என் பேத்தி நாளைக்கு உன் கண் முன்னால் மாமியாரை முதலில் கவனிப்பாள். உனக்கு எரியும். எரியட்டும், பெற்றவளுக்கு எரியாமல் யாருக்கு எரியும்? ஆனால் அவள் தள்ளி நின்றால், நீ எங்கே அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாய் என்று யோசித்துப் பார். பிறகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. "எனக்கு?" என்று கேள். அதில் என்ன வெட்கம்?

மாப்பிள்ளையைப் பெற்ற அம்மா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. செண்பகம் கேட்கிறபோது நீங்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். அந்தப் பிள்ளை எங்கேயும் போய்விட மாட்டாள். பெற்றவளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு உங்களிடமே திரும்பி வருவாள்.