மாடிக்குப் போன சின்ன மருமகள்

ஆறு மாதமாக அழுகையை அளந்து எழுதக் கற்றுக்கொடுத்த அவைத் தலைவர் அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் சேனல் பெருந்தகைகளே! பிள்ளை வக்கீலாவான் என்று அனுப்பிவைத்து, வசனகர்த்தாவாகத் திரும்பப் பெறும் தாய்மார்களே, தந்தைமார்களே! உங்களுக்கு வணக்கத்தோடு என் அனுதாபத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்று சான்றிதழ் வாங்கி, நாளை முதல் நாள்தோறும் நாட்டை நடுங்க வைக்கப்போகும் நாயகர்களே, நாயகிகளே! கீழே இடமில்லாமல் மாடி வரிசையில் அமர்ந்திருக்கும் அன்புள்ளங்களே! மாடிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம் மிச்சம் வைத்திருக்கிறேன். மறந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். மாடியில் இருப்பவரை மறந்து நான் பட்ட பாடுதான் இன்றைய பேச்சு.

நான் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதப் போன முதல் நாள், எங்கள் தலைமை எழுத்தாளர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோமா அண்ணன். எந்த நடிகர் விடுப்புக் கேட்டாலும் அந்தப் பாத்திரத்தைக் கோமாவில் படுக்கப் போட்டுவிடுவார். நடிகர் ஊரிலிருந்து திரும்பி வந்தால் கண் திறப்பார். நாளும் கிழமையும் பார்த்துக் கண் திறந்த நோயாளிகளை நான் அங்கேதான் கண்டேன்!

எழுதுவதற்கு மூன்று பேர். கதை ஒருவர், காட்சி ஒருவர், வசனம் நான். அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, மூன்று கால் உள்ள நாற்காலி எனக்கு. காலையில் எழுதுவோம், மை காய்வதற்குள் படப்பிடிப்புக்குப் போய்விடும். அங்கே யாருக்கும் முன்கூட்டிப் படிக்க நேரமில்லை. எழுதிய எங்களுக்கே திரும்பிப் படிக்க நேரமில்லை என்றால், அவர்களை என்ன சொல்ல? என்ன அங்கே சிரிப்பு? அடுத்த வாரம் அந்த நாற்காலியில் நீதான் உட்காரப் போகிறாய் தம்பி, நன்றாகச் சிரித்துக்கொள்.

ஒரு நாள் கதையில் மாமியார் ஓர் இரகசியம் சொல்ல வேண்டும். கூடத்தில் சின்ன மருமகள் நிற்கிறாள். அவள் காதில் விழக் கூடாது. என்ன செய்வது? "மாடியில போர்வை இருக்கும், எடுத்துட்டு வாம்மா" என்று ஒரு வரி எழுதினேன். போனாள். இரகசியம் வெளியே வந்தது. பெரிய மருமகள் மயங்கி விழுந்தாள், வாசலில் போலீஸ் வந்தது. சின்ன மருமகள்? வரவில்லை! கதைக்காரர் காட்சிக்காரர் இறக்குவார் என்றிருந்தார். காட்சிக்காரர் நான் இறக்குவேன் என்றிருந்தார். நான் எதையும் நினைக்கவே இல்லை.

இன்னொன்று தெரியுமா? படப்பிடிப்புக்குப் போட்ட அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது! ஒன்பது படி, மேலே ஒரு பலகை, ஏறியவர் பின்பக்கமாக இறங்கிப் போக ஓர் ஏணி. அவ்வளவுதான். கல்யாணம் ஒன்று நடந்தது, கடத்தல் இரண்டு நடந்தது, கார் கவிழ்ந்தது, சொத்து கைமாறியது. போர்வை எடுக்கப் போனவள் மட்டும் பலகையில் நின்றாள்.

என் அம்மா தினமும் தொலைபேசியில் கேட்பாள். "ஏன்டி, அந்தச் சின்னப் பொண்ணு என்ன ஆனா?" நான் எரிந்து விழுந்தேன். "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" கேட்டாளே, அவள்தான் ஒழுங்காகத் தொடர் பார்த்தவள். எழுதிய எனக்குத்தான் கண் இல்லை.

ஒரு காலை ஒப்பனை அறையில் முழு அலங்காரத்தோடு ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் இன்னும் மேலயே இருக்கேன்கா." அப்போதுதான் அவள் ஒப்பந்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. நாளுக்கொன்றாகத் தொடர்ந்து நூறு பகுதி முகம் காட்டாவிட்டால் அந்தப் பாத்திரம் நீங்கியதாகக் கணக்கு, ஒப்பந்தம் முடிந்தது. அதுவரை வேறு தொடரில் நடிக்கவும் கூடாது. கூப்பிட்டால் வேண்டுமென்று தினமும் ஒப்பனையோடு வந்து உட்காரவும் வேண்டும். "தொண்ணூத்தாறு ஆச்சுக்கா. பக்கத்து வீட்ல நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்மை மட்டும் கலைந்துவிட்டது.

ஓடினேன் கோமா அண்ணனிடம். "அண்ணே, சின்ன மருமக..."

"யாரது?"

"நம்ம வீட்டு மருமகண்ணே!"

"நம்ம வீட்ல சின்ன மருமக இருக்காளா? சரி, கோமாவுல போட்டுடு."

"ஏற்கெனவே ரெண்டு பேர் கோமாவுல இருக்காங்கண்ணே. நம்மகிட்ட இருக்கறதே ரெண்டு கட்டில்."

"அப்ப விட்டுடு. யாரும் கேக்கல."

சேனல் பொறுப்பாளர் அம்மையாரிடம் போனேன். வியாழக்கிழமை, பார்வையாளர் எண்ணிக்கை வரும் நாள். அன்று அவர் முகம் பார்த்துப் பேச வேண்டும். "பொண்ணு இல்லாம எண்ணிக்கை கொறஞ்சுதா?" என்றார். "இல்ல மேடம்." "அப்ப அவ இல்லன்னுதான் அர்த்தம்." எப்படி இருக்கிறது தீர்ப்பு? ஒரு மனுஷி உயிரோடு இருக்கிறாளா என்பதை எண்ணிக்கைத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்களா?

தொண்ணூற்றொன்பதாவது நாள் காலை. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், மாமியார் தனியாக அழும் காட்சியின் அடியில் ஒரே வரி எழுதினேன்: படியில் சின்ன மருமகள் இறங்கி வருகிறாள், கையில் போர்வை. இயக்குநர் அந்த நிமிடம்தான் பார்த்தார். கேள்வி கேட்க நேரமில்லை. "பொண்ணு தயாரா?" என்றார். தயாரா? தொண்ணூற்றொன்பது நாளாகத் தயார்!

இறங்கினாள். மாமியாராக நடித்த மூத்த நடிகை நிமிர்ந்து பார்த்தார். எழுதிக் கொடுத்த வசனம் மறந்துபோனது. வாய் தானாக முணுமுணுத்தது: "வந்துட்டியாம்மா? உன்னை நான் தேடவே இல்லையேடி!" விளக்குப் பிடித்தவர் கண்ணைத் துடைத்தார். நான் எழுதாத அந்த ஒரு வரிதான் அந்தத் தொடரிலேயே நல்ல வரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆனது.

அந்த வாரம் நாங்கள்தான் முதலிடம். கோமா அண்ணனுக்கு விருது. மேடையில் என்ன சொன்னார்? "ஆரம்பத்திலேயே திட்டம் போட்டுத்தான் மேல அனுப்பினேன்!" எனக்கு? கேட்காமல் எழுதியதற்கு வேலை போனது. கைதட்டாதீர்கள், மூன்று கால் நாற்காலியிலிருந்து விழுந்தால் அவ்வளவாக அடிபடாது.

இன்று உங்கள் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். நாற்பதாம் பக்கம், கொட்டை எழுத்தில்: 'மாடி உத்தி. ஒரு பாத்திரத்தை நூறு நாள் மறைத்து வைப்பது எப்படி?' அடப்பாவிகளா! எங்கள் மறதியையா உத்தி என்று படித்தீர்கள்? தலைவர் அவர்களே, நெளியாதீர்கள், பாடம் நடத்தியவர் நீங்கள்தான் என்றாலும் உங்கள் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போவேன்.

பிள்ளைகளே! கண்ணீரைக் கத்தரிக்கக் கற்றீர்கள், கடத்தலைக் கலக்கக் கற்றீர்கள், கல்யாணத்தைக் கலைக்கக் கற்றீர்கள். எழுதுங்கள், பிழையுங்கள். ஆனால் ஒருவரை மேலே அனுப்பும்போது, அங்கே மாடி இல்லை, ஒரு பலகைதான் இருக்கிறது என்பது தெரிந்து அனுப்புங்கள். அதில் ஓர் ஆள் கால் கடுக்க நிற்கிறாள். அவளுக்கு வீடு இருக்கிறது, பக்கத்து வீடு இருக்கிறது. பாத்திரத்தை மறந்தால் கதை கெடும். ஆளை மறந்தால் நீங்கள் கெடுவீர்கள்!

அந்தப் பெண் இன்று வந்திருக்கிறாள். எங்கே என்று தேடுகிறீர்களா? முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், உட்கார மறுத்துவிட்டாள். "வேணாம்கா, நான் மேலயே உக்காந்துக்கறேன். இந்தத் தடவை எப்பக் கூப்பிடறீங்கன்னு பாக்கறேன்" என்று ஏறிப் போய்விட்டாள். குறும்பைப் பாருங்கள்!

கண்ணு, போதும், இறங்கி வாம்மா. படி பார்த்து வா. தம்பிகளே, வழி விடுங்கள். மாடி வரிசை அன்பர்களே, நான் மிச்சம் வைத்த வணக்கம் இதோ. எல்லோரும் இறங்குங்கள், கீழே தேநீர் தயாராக இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட அத்தனை பேருக்கும் என் நன்றி. உங்களில் கடைசி ஆள் இறங்கும் வரை நான் இந்த மேடையிலேயே நிற்கிறேன்.