வாசலை நோக்கி வைத்த காலணிகள்

எங்கள் பள்ளத்தாக்கு விடுதிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். எழுத்தாளரின் அறை எங்கே என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் இரண்டையும் கேட்கவில்லை. நேராகக் காலணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் போனீர்கள். வெகுநேரம் குனிந்து பார்த்தீர்கள். பிறகு, "இந்த ஷூ பனியில நடந்ததே இல்லையேம்மா" என்றீர்கள்.

தேநீரைக் குடியுங்கள், சிஹோ. பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

நீங்கள் பெயர் சொல்வதற்கு முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. கழுத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் பார்ப்பது உங்கள் அம்மா ரித்சு சென்செயின் வழக்கம். எழுத்தாளர்களை நாங்கள் சென்செய் என்றுதான் அழைப்போம். முப்பத்தொன்பது வருடங்களில் எத்தனையோ பேர் அந்தப் பெட்டியின் முன் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். அழுதவர்களும் உண்டு. ஒருவருக்கும் அந்தத் தோல் கண்ணில் படவில்லை. பனியில் நடந்து ஊறிக் காய்ந்த தோலில் வெள்ளை வரி விழும் என்பது காலணி தைக்கிறவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. தலைநகரில், அசகுசாவில் ஒரு பட்டறையில் இருபது வருடம் வேலை செய்கிறேன் என்றீர்கள். ஏன் அந்த வேலைக்குப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பதிப்பகங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கெடுவுக்குள் எழுதித் தராத எழுத்தாளரை ஏதாவது ஒரு விடுதியில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டப்பாவில் அடைப்பது என்று அதற்குப் பெயர். எழுத்தாளர்களே அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். உங்கள் அம்மாவை ஜனவரி கடைசியில், என் கணவர் மரம் இழுக்கும் சறுக்கு வண்டியில் உட்காரவைத்து வாசல்வரை அழைத்து வந்தவர் ஒகுமா என்ற பதிப்பாசிரியர். வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார்:

"விடுதிக்காரம்மா, இவங்கள நம்பிடாதீங்க. போன தடவை கடலோரத்துல வச்சிருந்தோம். பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டுக் கிளம்பினாங்க. போய்ப் பாத்தா சினிமாக் கொட்டகையில உக்காந்து கடலை கொறிக்கிறாங்க."

"கடலை இல்ல ஒகுமா, சுட்ட கணவாய். கோள் சொன்னாலும் சரியாச் சொல்லணும்."

"பாத்தீங்களா? ஷூவ மட்டும் நீங்க எடுத்து வச்சுக்கங்க. கதை முடிஞ்சதும் குடுங்க. ஷூ இல்லாம இந்தப் பனியில எங்க போயிடுவாங்க?"

உங்கள் அம்மா தானே கழற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "இந்தாங்க, கைதியோட ஷூ. பத்திரமா வச்சிருங்க. இருக்கறது இந்த ஒரு ஜோடிதான்."

அது விளையாட்டு. மூன்று பேருக்கும் தெரியும். நிஜமாகக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அந்த விளையாட்டில் அடக்கம். அதுவும் எனக்குத் தெரியும்.

எங்கள் விடுதியில் பூட்டு கிடையாது. காகிதக் கதவுகள். ஒரு விரலால் தள்ளினால் போதும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது பத்தொன்பது வயதில். வார் வைத்த பழுப்புக் காலணி ஒரு ஜோடி கொண்டு வந்தேன். மாமியார் அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "உனக்கு எதுக்கு இது? கெணத்தடிக்குப் போக மரச்செருப்பு போதாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் வருத்தமில்லை. அவர் இறந்தபின் எடுத்துப் பார்த்தேன். வார் கையோடு உதிர்ந்து வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் வேறு விருந்தினர் இல்லை. என் கணவர் காலையில் மலைக்கு மரம் வெட்டப் போனால் இருட்டித்தான் வருவார். உங்கள் அம்மா எழுத்து ஓடாதபோதெல்லாம் சமையலறைக்கு வந்து என்னோடு முள்ளங்கி சீவுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் 'ஏய்' அல்லது 'விடுதிக்காரம்மா'.

"மசூயே, நீ இங்கேர்ந்து எங்கயாவது போயிருக்கியா?"

"போயிருக்கேனே. பல்லு புடுங்க டவுனுக்கு."

"அதெல்லாம் ஒரு பயணமா?"

"போகும்போது இருந்தது வரும்போது இல்ல. பயணம்தானே, சென்செய்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் அந்தப் பல்லை நாவலில் எழுதிவிட்டேன் என்று வந்து படித்துக் காட்டினார். ஒரு விடுதிப் பெண், அவளுடைய கை, அவள் போகாத ஊர்கள். நான் சொல்லாததும் அதில் இருந்தது. என்னைப் பற்றி யாரும் அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்று முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பள்ளத்தாக்கில் எப்போதோ ஒரு கவிஞர் தங்கினார் என்று ஒரு கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல்லை நம்பி மூன்று விடுதிகள் பிழைத்தன. எங்களிடம் வெந்நீர் ஊற்றும் தேவதாருவும்தான். அதனால் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. அவர் போய்விட்டால் அந்த வீடு பழையபடி ஆகிவிடும். அவ்வளவுதான்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் சித்தி தொலைபேசியில் பேசினார். உங்களுக்குத் தட்டம்மை. நாற்பது டிகிரி காய்ச்சல். "அக்காவ உடனே வரச் சொல்லுங்க, கொழந்த அம்மா அம்மான்னு அனத்துது" என்றார். பின்னால் உங்கள் குரலும் கேட்டது. சொல்கிறேன் என்றேன். மதியப் பேருந்து போகும் சத்தம் கேட்கும்வரை நான் மாடிக்குப் போகவில்லை.

ஒரு மணிக்கு உங்கள் சித்தி மறுபடி அழைத்தபோது உங்கள் அம்மா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவரே எடுத்துவிட்டார். வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மசூயே, ஷூவ குடு. கடைசி பஸ்ஸையாவது புடிக்கணும்."

"இன்னும் நாப்பது பக்கம் இருக்கே, சென்செய்."

"வெளையாட்டு முடிஞ்சுது. கொழந்தைக்கு அம்மை."

"போன தடவையும் காய்ச்சல்தானே."

சொன்னது நான்தான். தொலைபேசியில் உங்கள் அழுகுரலைக் கேட்டிருந்தும் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உனக்குக் காலையிலேயே தெரியும்" என்றார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று பல முறை யோசித்திருக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன்.

அவர் மாடிக்குப் போனதும் வாசலில் கிடந்த மரச்செருப்புகளையும் வைக்கோல் செருப்புகளையும் எடுத்து விறகு அறையில் வைத்தேன். தரையைப் பெருக்க வேண்டியிருந்தது.

இரண்டரை மணிக்கு மேலே மெத்தைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகத் தோட்டத்து வேலி தெரியும். வெள்ளைக் காலுறையோடு அவர் பனியில் இறங்கிப் போனார். கையில் பை இல்லை. எழுதிய தாள்களையும் எடுக்கவில்லை. பேருந்து நிற்கும் இடத்துக்குக் காலணியோடு போனாலே முக்கால் மணி நேரம். திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். கீழே போய்க் குளியல் தொட்டிக்கு நெருப்பு மூட்டினேன். வந்ததும் கால் சூடாக வேண்டுமே. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்குப் பனி அடர்ந்து விழ ஆரம்பித்தது. மூன்றரைக்கு அவருடைய காலணிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கொடுப்பதற்காகத்தான் எடுத்துப் போனேன். அதில் சந்தேகமே வேண்டாம்.

பாலத்தின் பலகையில் வழுக்கி ஓடையில் விழுந்திருக்கிறார். கரையேறி ஒரு தேவதாருவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை ஈரம். காலுறை காலோடு சேர்ந்து உறைந்திருந்தது. நான் குனிந்தபோது கண்ணைத் திறந்தார்.

"பஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சு, சென்செய்."

போகவில்லை. அது இன்னும் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. கீழ் வளைவில் ஓட்டுநர் ஹாரன் அடிப்பது எனக்குக் கேட்டது. நான் ஒரு குரல் கொடுத்துக்கொண்டு ஓடியிருந்தால், ஓட்டுநரும் நடத்துனரும் வந்து தூக்கிப் போயிருப்பார்கள்.

நான் துணியைப் பிரித்தேன். காலணிகளை அவருக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தேன், நுனி பாதையைப் பார்த்தபடி. புறப்படும் விருந்தினருக்கு நாங்கள் அப்படித்தான் வைப்போம். பதினைந்து வருடம் செய்து கை பழகிவிட்டது. பிறகு மண்டியிட்டு வணங்கி, "மறுபடியும் வாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தொட்டியில் தண்ணீர் நன்றாகச் சூடாகியிருந்தது. வீணாக வேண்டாம் என்று நான் குளித்தேன்.

என் கணவர் வந்ததும் சென்செயைக் காணவில்லை என்றேன். ஆட்கள் விளக்கோடு போனார்கள். உலர்ந்த பனித்தூளுக்கடியில் அந்தக் காலணிகள் அருகருகே, ஒழுங்காக இருப்பதைப் பார்த்ததுமே அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நம் நாட்டில் தாங்களே உயிரை விடப் போகிறவர்கள் காலணியைக் கழற்றி அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள். காவலர் தொப்பியைக் கழற்றி நின்றார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் சித்தி சாம்பலை வாங்கிப் போக வந்தபோதுகூடத் தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பதிலுக்கு வணங்கினேன்.

நாவல் முடியாமலே அச்சாகி வந்தது. விடுதிப் பெண் வாசலைப் பார்த்து நிற்பதோடு அது நின்றுவிடுகிறது. எங்களுக்கும் ஒரு கல் வந்தது. பேருந்து இப்போது வாசலிலேயே நிற்கிறது. ஏன் இறந்தார் என்று வருகிறவர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை விட்டுவிட்டுப் போக எப்படி மனம் வந்தது என்று ஒரு பேராசிரியர் புத்தகமே எழுதினார். ஒரு பிரதியில் கையெழுத்திட்டு எனக்குத் தந்தார். நீங்களும் அதைப் படித்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். உங்களை நான் நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் இப்போது அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது, பதினைந்து, முப்பது என்று நினைத்துக்கொள்வேன். எழுத முகவரி தெரியவில்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் அம்மா உங்களிடம் வருவதற்காகத்தான் நடந்தார். இது உங்களுக்குச் சேர வேண்டியது. தந்துவிட்டேன்.

ஏன் நிற்கிறீர்கள்? கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் தேநீர் குடிக்கும்போது உங்கள் காலணியைத் துடைத்து, வாசலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டேன். உங்கள் அம்மாவுக்கும் இதே மாதிரிதான் வைத்தேன். போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அவர்தான் போட்டுக்கொள்ளவில்லை.