சகலை வீட்டில் நிற்காத படம்

சனிக்கிழமை மாலை, ஆம்பூரிலிருந்து வேலூர் செல்லும் பேருந்து. ஷூ கம்பெனி அடையாள அட்டை அணிந்த இருவர் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர்.

“என் சகலை வீட்ல படம் நிக்காம ஓடுதுப்பா. அதான் எனக்குத் தாங்கல,” என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

“உன் வீட்ல?”

“கொஞ்சம் ஓடும், அப்புறம் நின்னு சுத்தும். டிவில படம் ஓட்ட அவன் வெச்சிருக்கிற அதே கம்ப்யூட்டர் பெட்டிய வாங்கி, அதே லினக்ஸ் சர்வர் போட்டேன். லீவு வந்தா போதும், பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டினு அவ அக்கா வீட்டுக்கு, அதான் அவன் வீட்டுக்குப் போய்ட்றா.”

“அவர்கிட்டயே கேக்கறதுதானே?”

“அவன்கிட்டயா? அதுக்கு நான் கேபிள் டிவியே பாத்துக்குவேன்.”

நண்பர் சிரித்துக்கொண்டே அவருடைய போனை வாங்கி, அதன் வழியாக வீட்டு சர்வருக்குள் நுழைந்தார்.

“இன்னாப்பா இது? படத்தை ஓட்ட வேண்டிய கிராபிக்ஸ் சிப் சும்மா குந்தினு இருக்கு. மொத்த வேலையும் பிராசசர் தலையில.”

“செட்டிங்ல ஆன் பண்ணிட்டேனே!”

“ஆன் பண்ணா போதுமா? சிப்பைத் தொட சர்வருக்கு நீ பர்மிஷனே தரல.”

மாதனூர் தாண்டுவதற்குள் நண்பர் அந்த பர்மிஷனைக் கொடுத்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்தார். ஜன்னலோரக்காரர் உடனே போனை வாங்கி மனைவியை அழைத்தார்.

“ஏம்மா, படத்தைப் போடு. இனிமே நிக்காது... இன்னா? இன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போய்ட்டீங்களா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அங்க... ஒரு தடவகூட நிக்கலயா?”