தலைகீழாக நின்ற ஃபிளாஸ்க்குகளும் சாம்பிள் அண்ணனும்

ஜூன் 30, செவ்வாய்க்கிழமை. இந்த வாழ்த்து மடலை வாசிக்கும் முன் ஒரு திருத்தம்: பணி ஓய்வு விழா அழைப்பிதழில் தங்களைப் பேட் பிரிண்டிங் மேற்பார்வையாளர் என்று மட்டும் போட்டுவிட்டோம். நம் பரிசுப்பொருள் அச்சகத்தின் ஐந்து பிரிவுக்கும் தாங்களே பொறுப்பு. பிழை பார்ப்பதே பிழைப்பான இடத்திலிருந்து பிழையோடு போன அழைப்பு, பொறுத்தருள்க.

பேனாவில் பெயர் பொறித்தவரே, பையில் படம் பதித்தவரே, தொப்பியில் நூல் பிசிறும் பொறுக்காதவரே, எங்கள் சாம்பிள் அண்ணனே, வணக்கம்!

துணிப்பைக்கு ஸ்கிரீன் அச்சு, வளைந்த பேனாவுக்கு மெத்தையால் ஒற்றும் பேட் அச்சு, பீங்கான் கோப்பைக்குச் சூட்டு அச்சு, தொப்பிக்கு எம்பிராய்டரி, எஃகுக்கு லேசர் என்று பொருளறிந்து முறை வகுத்தவர் தாங்கள். பிளாஸ்டிக் பேனாவில் தங்க மைதான் வேண்டும் என்று அடம்பிடித்த வாடிக்கையாளரிடம், "நகம் பட்டா உரியும் சார். உரியறது மை இல்ல, உங்க கம்பெனி பேரு" என்று சொல்லி அனுப்பியவர். எந்த ஆர்டரானாலும் முதல் உருப்படியைத் தாங்கள் வாங்கிப் பார்த்து, சரி என்ற பிறகே இயந்திரம் ஓடும். சாம்பிள் அண்ணன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

தாங்கள் பிசகிய ஒரு நாளையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டால் இந்த மடல் வெறும் தோரணம். ஓட்டுநர் சங்கத்துக்காக, ஆளுக்கொரு பெயர் பொறித்த எஃகு ஃபிளாஸ்க்குகள். எங்கள் லேசர் அக்கா அப்போது வேலைக்குப் புதிது. இயந்திரத்தின் பிடியில் ஃபிளாஸ்க் படுத்தே கிடக்கும். இருவரும் தலையைச் சாய்த்துப் படித்தீர்கள். எழுத்துப் பிழை இல்லை. சரி என்றீர்கள். எல்லாம் முடிந்து மேசையில் நிமிர்த்தி வைத்தால், ஓட்டுநர்கள் அத்தனை பேரும் தலைகீழாக நின்றார்கள். மை என்றால் துடைக்கலாம். லேசர் கீறியது கீறியதுதான்.

மறுநாள் முதல் வரவேண்டாம் என்று மேலாளர் லேசர் அக்காவிடம் சொல்லிவிட்டார். அவர் ஒருவர் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போன பின்பு, தாங்கள் மேலாளர் முன் போய் நின்றீர்கள்.

"சரின்னு சொன்னது நான். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

அக்காவின் வேலை தங்கியது. தங்களுக்கு வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. சங்கத்துக்குப் புதிதாகப் பொறித்துக் கொடுத்தோம். தலைகீழாகிப் போனவற்றில்தான், முகமறியா ஓட்டுநர்களின் பெயரில், இன்றும் நாங்கள் தண்ணீர் குடிக்கிறோம்.

தங்களுக்குப் பின் யார் என்ற பேச்சு சென்ற வாரம் வந்தபோது, தாங்கள் லேசர் அக்காவைக் கைகாட்டினீர்கள். வெளியாள் ஒருவரை மேலாளர் பார்த்து வைத்திருந்தார். அக்காவே தயங்கினார்.

"வேண்டாம்ணே. ஃபிளாஸ்க் கதையை இங்க யாரும் மறக்கல. நான் சரின்னா யாரு நம்புவாங்க?"

"அதனாலதான் உன்னைச் சொல்றேன். நிமித்தி வெச்சுப் பாக்காம இனிமே நீ சரின்னு சொல்லமாட்டே."

மேலாளர் சம்மதித்தார். அக்கா யோசிக்க நேரம் கேட்டார். இன்று காலைதான் தலையசைத்தார்.

கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் காணாமல், நோய்நொடி நெருங்காமல் நெடிது வாழ்க! பரிசாக வரும் பாத்திரங்களை எல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்க்கும் தங்கள் வழக்கத்தை அண்ணி பொறுத்துக்கொள்வாராக.

அன்புடன், ஐந்து பிரிவின் பணியாளர்கள்.

நாளை காலை வேலை: மருத்துவமனைக்குக் குடைகள், ஸ்கிரீன், இரண்டு நிறம். முதல் குடையை விரித்துப் பார்த்துச் சரி சொல்பவர் லேசர் அக்கா.