ஒரே வரியில் ஆயிரத்து நூறு வரன்கள்

லோகப்பிரியா: ஏனுங்க, இங்க பாருங்க... கிருபான்னு ஒருத்தரு. அதுக்குக் கீழ சங்கர்னு ஒருத்தரு.

சபரீஷ்: ரெண்டு வரனுங்களா?

லோகப்பிரியா: ஒரே வரனுங்க. கிருபாசங்கர். சத்தியமங்கலத்துல வாழைத்தார் மண்டி வெச்சிருக்காரு. உங்க ப்ரோக்ராம் அவர ரெண்டா வெட்டிபோட்டுது.

சபரீஷ்: பாதி மாப்பிள்ளைய யாருங்க கட்டிக்குவாங்க...

லோகப்பிரியா: சிரிக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம மண்டபத்துல...

சபரீஷ்: தெரியுமுங்க, சுயம்வரம்.

லோகப்பிரியா: சொல்லி முடிக்க உடுங்க. முன்னூறு குடும்பம் வருது. இன்னிக்கு நாலு மணிக்குள்ள வரன் புஸ்தகம் அச்சாபீசுக்குப் போயாகோணும்.

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவள் லோகப்பிரியா. அப்பா அப்புசாமி தொடங்கியது. ஆறு வருடமாக அவள் கையில். வரன்களின் விவரமெல்லாம் இருந்த பழைய மென்பொருள் சென்ற மாதம் ஒருநாள் திறக்கவே மறுத்துவிட்டது. செய்து கொடுத்தவர்களைத் தேடினால் அவர்கள் கடையை மூடி மூன்று வருடமாகியிருந்தது. மிஞ்சியது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, ஒவ்வொரு விவரத்தையும் ஒரு திறப்புக் குறிக்கும் ஒரு மூடும் குறிக்கும் நடுவில் வைக்கிற வகை. ஆயிரத்து நூறு வரன்களும் அதற்குள் பத்திரமாக இருந்தார்கள், ஆனால் ஒரே வரியில். பெயர், ஊர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை பார்க்கும் சபரீஷும் அந்த ஆயிரத்து நூறில் ஒருவன்தான். விஷயம் கேள்விப்பட்டு, பைத்தானில் ஒரு நிரல் எழுதிப் படிக்கிற மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று அவனாகவே பேருந்து ஏறி வந்தான். இது மூன்றாவது சனிக்கிழமை.

லோகப்பிரியா: எதுனாலங்க பேரு உடையுது?

சபரீஷ்: கோப்பப் படிக்கறது பார்சர்னு ஒண்ணுங்க. படிச்சுட்டே வரும்போது நம்ம நிரலக் கூப்புட்டுக் கூப்புட்டுச் சொல்லும். 'பேரு' தொறந்துது... எழுத்து வந்துது... 'பேரு' மூடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் நான் ஒரு வரி எழுதறேன். உள்ள போனா நாலு எடம் தள்ளி, வெளிய வந்தா பழைய எடத்துக்கு.

லோகப்பிரியா: அதனாலதான் படி படியா இறங்குதாக்கு.

சபரீஷ்: ஆமாங்க. ஆனா அது கோப்ப ஒரே மூச்சுல படிக்காது. துண்டு துண்டாத்தான். ஒரு துண்டு 'கிருபா'வோட முடிஞ்சுபோச்சு, அடுத்தது 'சங்கர்'ல ஆரம்பிக்குது. எழுத்து வந்துதுன்னு ரெண்டு தடவ சொல்லிபோட்டுது. நானும் ரெண்டு வரி...

லோகப்பிரியா: சரி, 'பேரு' மூடற வரைக்கும் பொறுத்திருந்து எழுதுனா என்னங்க?

சபரீஷ்: அட!

லோகப்பிரியா: ஏனுங்க, தப்பாச் சொல்லிட்டனா?

சபரீஷ்: இல்லீங்க. அதேதான் பண்ணோணும். சேத்து வெச்சுக்கிட்டு, மூடுனப்பறம் ஒரே தடவையா எழுதோணும். நீங்க பேசாம எங்க ஆபீசுக்கு வந்துருங்க.

லோகப்பிரியா: இங்க ஆயிரத்து நூறு பேர யாருங்க பாத்துக்கறது?

நாலைந்து வரிகளை மாற்றி நிரலை மறுபடி ஓட்டினான். கிருபாசங்கர் முழு ஆளாகிவிட்டார். அவரைப் போல உடைந்து கிடந்த இன்னும் ஏழெட்டுப் பேரும் ஒட்டிக்கொண்டார்கள். லோகப்பிரியா நிம்மதியாகத் திரையை உருட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வரனுக்கும் கடைசியில், நட்சத்திரத்துக்குக் கீழே, 'குறிப்பு' என்று ஒரு வரி புதிதாகக் கண்ணில் பட்டது. இதுவரை உடைந்த பெயர்களையே தேடிக்கொண்டிருந்ததில் அதை அவள் கவனிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது, ஒரு பையனுக்கு இடது காது கேட்காதது, எல்லாம் அவள் தன் ஞாபகத்துக்காகத் தட்டி வைத்தவை. அந்தக் குறிப்புகளில் ஒன்று அவளையே காட்டிக்கொடுக்கக்கூடியது.

லோகப்பிரியா: நிறுத்துங்க. இந்தக் குறிப்பெல்லாம் எப்புடீங்க வந்துது?

சபரீஷ்: கோப்புல இருக்கறதுதானுங்க.

லோகப்பிரியா: அது எனக்கு மட்டும் எழுதி வெச்சது. அச்சுல வந்துதுன்னா சில புள்ளைங்க வெளிய தல காட்ட முடியாது. நீங்க... படிச்சீங்களா?

சபரீஷ்: எடுத்துரலாமுங்க. 'குறிப்பு' தொறந்தா வாய மூடிக்கோ, அது மூடுனப்பறம் பேசுன்னு நிரல்ல சொன்னாப் போதும்.

லோகப்பிரியா: நான் கேட்டது அதில்லீங்க.

சபரீஷ்: ஓட்டிப் பாத்துருவமா? மணி மூணரை ஆச்சு.

குறிப்புகள் போய்விட்டன. அவள் ஒவ்வொரு பக்கமாகத் தேடிப் பார்த்துவிட்டாள், ஒன்றுகூட மிச்சமில்லை. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் கை எழுநூற்று நாற்பத்திரண்டாம் வரனில் வந்து நின்றது. சுத்தமாக, அழகாக, யார் பார்த்தாலும் படிக்கிற மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னூறு குடும்பங்கள் இதைப் புரட்டப் போகின்றன.

லோகப்பிரியா: ஏனுங்க... ஒரே ஒரு வரன மட்டும் எடுக்க முடியுமுங்களா?

சபரீஷ்: எந்த வரனுங்க?

லோகப்பிரியா: எழுநூத்தி நாப்பத்திரெண்டு.

சபரீஷ்: அது நானுங்க.

லோகப்பிரியா: தெரியுமுங்க.

சபரீஷ்: எதுக்குங்க எடுக்கோணும்?

லோகப்பிரியா: அதுலயும் ஒரு குறிப்பு இருந்துது. நாந்தான் எழுதுனேன்... ரெண்டு வருசமாச்சு.

சபரீஷ்: என்னன்னுங்க?

லோகப்பிரியா: 'யாருக்கும் காட்ட வேண்டாம்'னு.

சபரீஷ்: எங்கிட்ட ஏதாச்சும் குறை...

லோகப்பிரியா: குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஜாதகம் குடுக்க வந்தன்னிக்கு, வெளிய மழைன்னு ஒரு மணி நேரம் பேசிட்டு உக்காந்திருந்தீங்க. அதுக்கப்பறம்... இன்னொருத்தருகிட்ட உங்க போட்டோவ எடுத்து நீட்ட மனசு வரலீங்க. நல்ல நல்ல எடமெல்லாம் கேட்டு வந்துது. ஒண்ணையும் உங்க ஊட்டுக்கு அனுப்பல. என்னோட தொழிலுக்கே துரோகம் பண்ணிபோட்டேன். திட்டறதுன்னா திட்டுங்க. உங்கம்மா செவ்வாக்கெழமகூட போன் பண்ணி, ஒரு ஜாதகங்கூட வரலியா அம்மணின்னு கேட்டாங்க. நட்சத்திரம் அப்பிடிங்கன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன். அவங்களுக்குத் தெரிஞ்சா என்னைய என்ன நெனைப்பாங்க?

சபரீஷ்: அம்மாவுக்குத் தெரியுமுங்க. மொத சனிக்கெழமயே அந்தக் குறிப்ப அவங்களுக்குப் படிச்சுக் காட்டிபோட்டேன். 'அந்தப் புள்ளையே வாயத் தொறந்து சொல்லட்டும் கண்ணு, அதுவரைக்கும் நீ வேலைய முடிச்சுபோடாத'ன்னாங்க.